படுவான்கரையில் ஒரு வாடி

குருமண்வெளித் துறையில் பாதை என்னும் மிதவையில் ஏறினால் அக்கரையில் மண்டூரில் இறங்கலாம். மோட்டார் சைக்கிள், உரமூடை, வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரையும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு அது மெதுவாக நகரும். சூரியன் எழும் கடலோரப் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பாதையின் தேவை போய்விட்டது. நான் போனபோது தெற்கே இந்தத் துறையில் அது ஓடிக்கொண்டிருந்தது.

மண்டூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முருகன் கோயிலுக்கு வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு நான் மேற்கே வட்டைகளுக்குள் போனேன். வயலுக்கு நடுவே ஒரு மேட்டில், வயற்காரர் தங்கியிருந்த பழைய வாடி ஒன்று விழாமல் நிற்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இந்தப் பகுதியின் வயல்களில் பெரும்பங்கு போடிமார் என்னும் நிலச் சொந்தக்காரர் கையில் இருந்தது. அவர்களில் பலருக்கு வீடு எழுவான்கரையில். உழுது, விதைத்து, காவல் காத்து, அறுத்துச் சூடு வைத்தவர்கள் வயற்காரர்கள். அவர்களுக்குத் தலைமை முல்லைக்காரன். விதைப்புக் காலத்தில் வாவியைக் கடந்து வந்தால் களவெட்டியில் நெல்லைத் தூற்றி அளந்து கூலி நெல் வாங்கும்வரை அவர்களுக்கு வாடிதான் வீடு. பெரும்போக மழை முழுவதும் அந்தக் கூரையின் கீழ்தான். இரவில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து ஒருவர் மாறி ஒருவர் பரணில் கண்விழித்திருப்பார்கள். மட்டக்களப்பின் நெல்லைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம் அந்த நெல்லை விளைவித்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்பதில்லை.

நான் பார்த்த வாடிக்கு ஓர் அறை, முன்னால் ஒரு குந்து, பக்கத்தில் அடுப்படிக்கு இறக்கிய சார்ப்பு. கவையுள்ள கப்புக்கால்களின் மேல் முகட்டுவளை கிடக்கிறது. வடகிழக்கு மூலையில் மண் உதிர்ந்து சுவரின் உள்ளே தெரிந்தது. நேரே நட்ட கம்புகள், அவற்றுக்குக் குறுக்கே வரிச்சுத்தடிகள், இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் காட்டுக்கொடியால் ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் முடிச்சின் வால் உட்பக்கம் திரும்பியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதைப் பிடித்து உள்ளே இறங்கும். மண்ணை உருட்டி இரண்டு பக்கமிருந்தும் அறைந்து நிரப்பியிருக்கிறார்கள். உடைந்த இடத்தில் நான்கு விரல் பதிந்த பள்ளங்கள் அப்படியே காய்ந்திருந்தன.

வாடியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். “எவ்வளவு காலத்து வாடி ஐயா இது?” என்று கேட்டேன்.

“எங்கட அப்பர்ர காலத்தில இருந்து இருக்கு மனே. கூரை போன வருசம் வேய்ஞ்சது. அந்தச் சுவர் சூறாவளிக்குப் பிறகு வைச்சது. கப்பு மட்டும் பழசு.”

அவர் சொன்னது 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளியை. மட்டக்களப்பில் அதை அனுபவித்தவர்கள் தம் வாழ்க்கையையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். மண்வீடும் தென்னையும் அன்று சரிந்தன. அதன்பின் போர், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம். ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும் மண் வீட்டின் இடத்தில் தகரமும் கல்லும் ஏறின.

பெரியவரின் பதிலில்தான் சிக்கல் இருக்கிறது. கூரை போன வருடத்தது, சுவர் நாற்பது சொச்சம் ஆண்டு. இதைப் பழைய கட்டடம் என்று எந்த அதிகாரி எழுதுவார்? நம் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அது தானாகவே காப்பளிப்பது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய சின்னங்களுக்கு. மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இந்தக் கணக்கில் தப்பிவிடும். கல் அப்படியே இருக்கும். மண்ணும் வைக்கோலும் இருக்காது. மாற்றி மாற்றிக் கட்டினால்தான் வாடி நிற்கும். மாற்றியதனாலேயே அதற்கு வயது இல்லையென்று ஆகிவிடுகிறது.

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதுமரத்தில் முழுதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். அது பழையது இல்லையென்று யாரும் சொல்வதில்லை. 1994இல் நாரா நகரத்தில் கூடிய மரபுரிமை அறிஞர்கள், ஒரு கட்டடத்தின் உண்மைத்தன்மையை அதன் பொருளை வைத்து மட்டும் அளக்கக்கூடாது, கட்டும் முறையையும் பயன்பாட்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். முடிச்சின் வாலை உள்ளே திருப்பத் தெரிந்த கை இருக்கும்வரை வாடியும் பழையதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கம்பளைக்குப் பக்கத்தில் நியூ பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஒரு குடும்பம் ஓர் அறைக்குள் எப்படிச் சமைத்துப் படுத்து வாழ்ந்தது என்பதை லயன் வாழ்க்கையின் சாமான்களோடு அங்கே காணலாம். மலையகம் தன் கூலியாட்களின் கூரையை நினைவில் வைத்துக்கொண்டது. மட்டக்களப்பின் வயற்காரருக்கு அப்படி ஓர் இடம் வேண்டும்.

வாடி ஆண்களின் வேலைத்தலம். ஊரிலிருந்த மண்வீடு பெண்ணுடையது. இங்கே பெற்றோர் மகளுக்குக் கல்யாணத்தோடு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் இன்னொரு சிறு வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இலிருந்து அக்கரைப்பற்றுப் பகுதியில் ஆய்ந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே வாடியைத் தனியாக அளந்து வரைந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். வயற்காரனின் மனைவி சாணம் மெழுகிக் காத்த அந்த ஊர் வீட்டையும் சேர்த்து எழுதவேண்டும்.

மண்வீட்டில் இருந்துகொண்டே மரபைக் காப்பாற்றுங்கள் என்று யாருக்கும் சொல்ல நான் வரவில்லை. வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அந்த வழியில் பார்த்தேன்; கதவைப் பூட்டிவிட்டுப் போக முடிகிறது, மழை இரவில் நித்திரை வருகிறது. காக்கவேண்டியது ஒன்றிரண்டு வாடியும் வீடும், அவற்றைக் கட்டும் தொழிலும்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் அளவெடுத்து, கட்டுமுறையைப் படம்பிடித்து, மரங்களின் பெயரையும் கொடிகளின் பெயரையும் எழுதிவைத்தால் பெரிய செலவு ஆகாது.

கூரை வேய்வது மழைக்கு முன், ஆவணி, புரட்டாதியில். பார்க்க விரும்புகிறவர்கள் அப்போது போகவேண்டும். “ஆரும் வந்தா காட்டிக் குடுப்பன், பொடியனுகள் ஒருத்தனும் கேக்கிறானில்ல” என்றார் பெரியவர். அடுத்த வேய்தலுக்கு நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கூடவே இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார், வரிச்சுக் கட்ட ஓராள் போதாதாம்.