ஒரு சோடி வான்கோழி

மூதுரை படித்த எவருக்கும் வான்கோழியின் மேல் பெரிய மரியாதை வருவதில்லை. மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்த அந்தப் பறவையை, கல்லாதவன் சொல்லும் கவிக்கு ஔவையார் உவமையாக்கிவிட்டார். தமிழ்ப் பாடத்தில் ஆசிரியை இதை விளக்கியபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பாலையூற்றில் எங்கள் உம்மம்மாவின் வளவில் வான்கோழிகள் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.

அவை கடையில் உறைய வைத்து விற்கும் வெள்ளை இனம் அல்ல. கறுப்பு உடலில் வெயில் பட்டால் செம்பு நிறம் மின்னும் பழைய இனம். மூத்தவாப்பா உயிரோடு இருந்த காலத்தில் வாங்கி வந்த ஒரு சோடியிலிருந்து பெருகியவை. உம்மம்மா பெட்டைகளைத் தாமாகவே அடைகாக்க விடுவார். ஊர்க்கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வான்கோழி முட்டைக்கு 28 நாள் வேண்டும். அந்த 28 நாளும் உம்மம்மா கலண்டரில் கோடு போடுவார்.

சென்ற வருடம் உம்மம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் வளவோ துணி காயப் போடுவதற்கே போதாது. 2 சேவல்கள், 9 பெட்டைகள், ஆக 11 உயிர்கள். விற்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டிலில் படுத்தபடியே உம்மம்மா என்னிடம் சொன்னார்:

“வித்திரு புள்ள. ஆனா எல்லாத்தையும் சட்டிக்கு அனுப்பிராத. ஒரு சோடியாவது எங்கயாச்சும் வளரட்டும்.”

வாங்குவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எத்தனை கிலோ வரும்?” இதில் நான் கோபப்பட ஒன்றுமில்லை. பெருநாளைக்கு உம்மம்மாவே அறுத்துச் சமைத்திருக்கிறார். நானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் அயலில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நத்தாருக்கு வாங்கினால்தான் உம்மம்மாவுக்குத் தீவனக் காசு கிடைக்கும்.

அப்போதுதான் வான்கோழி பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இதன் பிறந்த வீடு மெக்சிக்கோ. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் அழைத்தார்கள்; துருக்கியரோ ‘ஹிந்தி’ என்று இந்தியாவின் பெயரால் அழைத்தார்கள். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரை வைத்துக் ‘கல்கூன்’ என்றார்கள். சிங்களத்தில் ‘களுகும்’ என்று சொல்வது அந்த ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு விடயமும் படித்தேன். பெரிய பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை இனத்துக்கு நெஞ்சுச் சதை அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டதால், அதனால் இயற்கையாக இணைசேர முடியாது. மனிதர்தான் செயற்கை முறையில் சினைப்படுத்த வேண்டும். அந்த இனம் சந்தையைப் பிடித்ததும் பழைய இனங்களை வளர்ப்பவர்கள் குறைந்தார்கள். 1997இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது பழைய இனங்கள் எல்லாம் சேர்த்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்தவை 1,500ஐக்கூடத் தொடவில்லை. பிறகு எண்ணிக்கை கூடியது. கூடியதற்குக் காரணம், மக்கள் அவற்றை மறுபடியும் வாங்கிச் சாப்பிடத் தொடங்கியதுதான்! விற்பனை இருந்ததால் வளர்த்தார்கள். வளர்த்ததால் இனம் மிஞ்சியது. இதைப் படித்த பிறகு ‘எத்தனை கிலோ’ என்று கேட்பவர்கள் எனக்கு எதிரிகளாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாமே கிலோவுக்குப் போய்விட்டால் அடுத்த வருடம் விற்க ஒன்றும் இருக்காது. ‘எத்தனை முட்டை இடும்’ என்று கேட்கும் ஒருவராவது எனக்குத் தேவைப்பட்டார்.

அப்படி முதலில் கேட்டவர் கந்தளாயில் இருந்தார். அவரிடம் ஒரு சேவல் தனியாக நின்றது. 2 பெட்டைகள் வேண்டும் என்று காசும் முன்கூட்டியே அனுப்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெரிய காட்போட் பெட்டி எடுத்து, பேனையால் சில ஓட்டைகள் குத்தி, இரண்டையும் உள்ளே வைத்து ஒட்டினேன். ஆகஸ்ட் மாதம், கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும் நேரம். பகல் 12 மணி பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினோம். கந்தளாய் பக்கம்தானே என்று நினைத்தேன்.

பின்னேரம் அவர் தொலைபேசியில் பேசினார். ஒன்று செத்துப் போயிருந்தது. மற்றது வாயைத் திறந்தபடி கிடந்து, தண்ணீர் தெளித்த பிறகு எழுந்து நின்றதாம். “விடு மகள், விதி” என்றார் அவர். பெட்டியில் ஓட்டை குத்தியது விதி அல்ல, நான். செத்ததற்குரிய காசைத் திருப்பி அனுப்பினேன். உம்மம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிச் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டிருக்கிறேன். அன்று இரவு அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் கிட்டத்தில் தெரிந்தது.

மறுவாரம் மிருக வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “நீங்கள் உயிரியல் படிக்கிற பிள்ளைதானே? பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை என்று படிக்கவில்லையா?” என்று கேட்டார். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வியர்க்க முடியாத பறவை வாயைத் திறந்து இளைத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கும். மூடிய பெட்டிக்குள் காற்றே சூடும் ஈரமுமாகிவிட்டால், எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்குவதும் அதற்கு மூச்சுத் திணறல்தான் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். வாங்க வருகிறவர்களிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளும் எழுதினேன். ஊர்க்கோழி வளர்த்த நிலத்தில் விடுவீர்களா? (கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத கரும்தலை நோய் வான்கோழியைக் கொன்றுவிடும்.) மேய இடம் இருக்கிறதா? இரவில் எங்கே அடைப்பீர்கள்?

செப்டெம்பரில் கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் கதைத்தார். மூன்று கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்: “சேவலும் பெட்டைகளும் ஒரே தாய்க் குஞ்சுகளா மகள்?” அந்தக் கேள்வியிலேயே என் மனம் நிறைந்துவிட்டது. ஒரு சேவலும் வேறு தாய்களுக்குப் பிறந்த 3 பெட்டைகளும் கொடுப்பதாகப் பேசினோம்.

மாமா துறைமுகப் பக்கத்திலிருந்து பழைய பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் கொண்டு வந்தார். நான்கு பக்கமும் துவாரம் உள்ளவை. வாடை போகும்வரை கழுவிக் காயவைத்து, அடியில் உமி பரப்பி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினோம். சேவலுக்குத் தனிக்கூடு, பெட்டைகளுக்கு இரண்டு கூடு. முதல்நாள் இரவோடு தீன் நிறுத்தினேன். தண்ணீர் மட்டும் புறப்படும்வரை வைத்தேன். சுபஹ் தொழுதுவிட்டு இருள் விலகுமுன் மாமாவின் ஓட்டோவில் புறப்பட்டோம். வாப்பா முன்னால், நான் பின்னால் கூடுகளோடு. சீனக்குடா தாண்டி, வெள்ளைமணல் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009இல் திறக்கும்வரை இந்த இடத்தைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். “அந்த நாளையில எண்டா பாதைக்குக் காத்து நிண்டே உன்ட கோழி செத்திருக்கும்” என்றார் மாமா. நான் துவாரத்தில் கண்ணை வைத்து வாய் திறந்திருக்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டே போனேன். மூடியே இருந்தது. நான்கும் உயிரோடு இறங்கின. சேவல் இறங்கியதும் வாலை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. அது எந்த மயிலையும் பார்த்து ஆடவில்லை.

மிச்சம் 5ஐயும் நத்தாருக்கு அயலவர்கள் வாங்கினார்கள். அவற்றையும் காலைக் கட்டாமல் அதே மீன் பெட்டிகளில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாளை அறுக்கப் போகும் உயிருக்கும் இன்று மூச்சு முட்டக் கூடாதல்லவா?

பெப்ரவரியில் கிண்ணியாவிலிருந்து படம் வந்தது. ஒரு பெட்டையின் சிறகடியில் 7 குஞ்சுகள். உம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை வாங்கி, நெடுநேரம் பார்த்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ராவைக்கு எங்க அடைக்கிறாங்க எண்டு கேட்டியா?” என்றார்.

“கேட்டேன் உம்மம்மா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, படத்தை மறுபடி பெரிதாக்கிக் குஞ்சுகளை எண்ணத் தொடங்கினார்.