அறிந்து பிடித்தல்

மீன்பிடிக்கத் தூண்டிலும் பொறுமையும் போதும் என்பர். வட அமெரிக்கப் பேரேரிகளில் வாழும் ஏரி டிரவுட் மீனிடம் அவ்விரண்டும் போதா, அறிவும் வேண்டும்.

அம்மீன் குளிரை நாடுவது. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரே அதற்கு உவப்பானது. பனிக்கட்டி உருகி முடியும் இளவேனிலில் ஏரி முழுவதும் குளிர்ந்திருக்கும். அப்போது அது கரையோரம் வரும். கோடையிலோ, வெயில் பட்ட நீர் இலேசாகி மேலே மிதக்க, குளிர்ந்த நீர் கனத்துக் கீழே தங்கும். மீனும் ஆழத்திற்கு இறங்கிவிடும். அந்நாளில் மேல்நீரில் தூண்டிலை வீசிக் காத்திருப்பவன் பெரும்பாலும் வெறுங்கையுடனே திரும்புவான். துறையறிந்தவன் வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பத்தை அளந்து, கனமான குண்டின் துணையால் தூண்டிலை உரிய ஆழத்திற்கு இறக்கிப் படகை மெல்லச் செலுத்துவான். கரண்டி வடிவான உலோகத் தகடு அசைந்து மின்ன, சிறுமீன் என மயங்கி அது கவ்வும்.

அகப்பட்டது எம்மீன் என அறிதல் அடுத்த பாடம். சால்மன் முதலிய உறவு மீன்கள் பலவற்றின் உடல் வெளிறியது, புள்ளிகள் கரியவை. ஏரி டிரவுட்டிலோ கருமை படர்ந்த உடலில் வெளிர்புள்ளிகள் காணப்படும். வால் ஆழமாகப் பிளந்திருக்கும். அதன் நெருங்கிய உறவான ஓடை டிரவுட்டின் வாலோ ஏறக்குறைய நேராக வெட்டியது போன்றது. புள்ளியையும் வாலையும் சேர்த்து நோக்குபவன் எளிதில் ஏமாறுவதில்லை.

உண்ணும் மீனுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். விடை அவ்வேரிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. கடல் லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி மேலேரிகளுக்குள் புகாதவாறு நயாகரா அருவி தடுத்திருந்தது. கப்பல்களுக்காக வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாய் அதற்கு வழி திறந்தது. 1921இல் ஈரி ஏரியிலும் 1938இல் சுப்பீரியர் ஏரியிலும் அது காணப்பட்டது. வட்ட வாயால் மீனைப் பற்றிக் குருதியை உறிஞ்சுவது அதன் இயல்பு. மனிதர் அளவின்றிப் பிடித்ததும் சேர்ந்துகொள்ள, 1960 அளவில் சுப்பீரியர் தவிர்ந்த பேரேரிகளில் ஏரி டிரவுட் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. முட்டையிடும் பருவம் எய்தவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மீன், இழந்ததை விரைவில் எவ்வாறு ஈடுசெய்யும்?

அமெரிக்காவும் கனடாவும் கூடி 1955இல் பேரேரிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தன. 1958 முதல், லாம்ப்ரேயின் இளம் உயிர்களை அவை வளரும் ஓடைகளிலேயே கொல்லும் மருந்து இடப்பட்டது. பண்ணைகளில் வளர்த்த டிரவுட் குஞ்சுகள் ஏரிகளில் விடப்பட்டன. அடையாளத்திற்காக அவற்றின் துடுப்புகளுள் ஒன்றைத் தறித்துவிட்டனர். ஆகவே, துடுப்பு எதுவும் குறையாமல் அகப்படும் மீன் பெரும்பாலும் ஏரியிலேயே பிறந்ததாகும். தூண்டிற்காரன் உற்று நோக்கிச் சொல்லும் அச்சிறு செய்தி, ஏரி நலம் பெறுவதற்குச் சான்றாகிறது. சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் அம்மீனினம் முழுமையாக மீண்டுவிட்டதென 2024இல் ஆணையம் அறிவித்தது.

இழுத்துப் போடக் கைவலிமை போதும். எதைக் கொள்வது, எதை ஈரக்கையால் ஏந்திக் குளிர்நீருக்கே திருப்பி அனுப்புவது என்று தெளிவதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வி உடையவன் தூண்டிலுக்கு ஏரி அஞ்ச வேண்டியதில்லை.