நாய்க்கு வரன் தேடிய கதை

"நாய் நன்றியுள்ள பிராணி" என்பது நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டுவரும் ஒரு கட்டுரையின் முதல் வாக்கியம். இருபது வருஷமாக நானும் அந்தக் கட்டுரையைத் திருத்தி மார்க்குப் போட்டு வருகிறேன். மனிதன் நன்றியுள்ள பிராணியா என்று நாய்கள் கட்டுரை எழுதுவதில்லை. எழுதினால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது சந்தேகந்தான்.

புதுச்சேரி உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. பிரதேசம் சிறியது, மாற்றல் உத்தரவு மட்டும் மிக நீளம். காரைக்காலுக்கும் போடுவார்கள், கேரளத்துக்கு நடுவே இருக்கும் மாஹிக்கும் போடுவார்கள். பாகூர்க் கொம்யூனில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்குக் கிடைத்தது, சுமார் 840 கிலோமீட்டருக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள ஏனாம். அங்கே வீடு பார்த்தபோது, நாய் கூடாது என்பதே வீட்டுக்காரரின் முதல் நிபந்தனையாக இருந்தது. அடுத்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். என் தாயார் சென்னையில் தமையனார் வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. மிஞ்சியவன் மணி.

மணி நாட்டு நாய். ஆறு வருஷங்களுக்கு முன் பாகூர் ஏரிக்கரையில் என் மகள் கண்டெடுத்து, பாவாடையில் பொதிந்து கொண்டுவந்த குட்டி. இடி இடித்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வீரன்.

விஷயம் தெரிந்ததும் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "சங்கராபரணி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுடுங்க சார், திரும்பி வராது" என்றார் ஒருவர். "வில்லியனூர்க் கோயில் பக்கம் விட்டால் சோற்றுக்குக் கவலையில்லை" என்றார் இன்னொருவர். இருவரும் நல்லவர்கள், எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் வளர்ந்த நாய் தெருவில் பிழைக்கக் கற்றதல்ல. ஒவ்வொரு தெருவும் அங்குள்ள நாய்களின் ராஜ்யம். புதிதாக வந்ததை அவை கடித்துத் துரத்தும். ஓடும் வண்டிகளைக் கண்டு விலகவும் அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலேயே எஜமானனை எதிர்பார்த்து நிற்கும் நாய்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அதோடு நின்றுபோகிறது. அதன் அபாயம் பிறகு அந்த ஊர்க் குழந்தைகளின் தலையில் விடிகிறது.

இது குற்றமுங்கூட. 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் பயனாக, 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நியாயமான காரணமின்றிப் பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். அதில் எழுதப்பட்ட அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இன்று அந்தத் தொகைக்கு நாய்க்கு ஒரு பொட்டலம் தீனி வாங்கலாம்.

சட்டத்தை விடப் பெரியது தர்மம். 1926-இல் ஆமதாபாத் மில் முதலாளி ஒருவர் அறுபது நாய்களைக் கொல்வித்தபோது எழுந்த வாதத்தில், மகாத்மா காந்தி 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். எஜமானனில்லாமல் நாய் திரிவது சமூகத்துக்கே இழுக்கு என்பது அவர் கருத்து. தெரு நாய்க்கு ஒரு பிடி சோறு எறிந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வதை அவர் ஜீவகாருண்யமாக ஒப்பவில்லை. அவர் சொன்னவை எல்லாவற்றையும் ஏற்காதவர்களும் இந்த ஒன்றை மறுக்க முடியாது.

லண்டனில் 1860-இல் மேரி டீல்பி என்ற மாது வீடிழந்த நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தபோது பத்திரிகைகள் பரிகசித்தன. சென்னையில் புளூ கிராஸ் ஸ்தாபனம் 1964 முதல் இந்தத் தொண்டைச் செய்து வருகிறது. எங்கள் பக்கத்திலும் சில இளைஞர்கள் கூடி இப்படி ஒரு குழு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களைத் தேடிப் போனேன்.

"எங்ககிட்ட இடமே இல்லை சார். வீடு கிடைக்கிற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க; நாங்க தேடுறோம்" என்றார்கள். நிறைந்த காப்பகத்தில் கிடப்பதைவிடப் பழகிய வீட்டில் காத்திருப்பதே நாய்க்கு நல்லதாம். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. வயது என்ன? கருத்தடை ஆயிற்றா? தடுப்பூசிச் சீட்டு எங்கே? யாரையாவது கடித்ததுண்டா? குழந்தைகளோடு எப்படி? எதற்குப் பயப்படும்? என் தங்கைக்கு வரன் பார்த்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்டவரில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. விசாரித்தவர்களில் அநேகர் லாப்ரடார் குட்டி உண்டா என்றுதான் கேட்டார்கள். ஆறு வயது நாட்டு நாய் என்றதும் பேச்சு நின்றது. கடைசியில் வில்லியனூர்க் கொம்யூனில் ஒரு விவசாயக் குடும்பம் முன்வந்தது. குழுவினர் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்தார்கள். வளர்க்க முடியாமற்போனால் தெருவில் விடாமல் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்கினார்கள். பணம் எதுவும் கைமாறவில்லை.

ஒப்படைத்த அன்று மணியின் பழைய கோணிப் படுக்கையையும் துவைக்காமல் அனுப்பச் சொன்னார்கள், வாசனை ஆறுதலாம். வண்டி புறப்பட்டதும் என் மகள் கேட்டாள்: "நாமளும் அதை விட்டுட்டோமாப்பா?"

தமிழ் வாத்தியாருக்கு இதைவிடக் கடினமான சொற்பொருள் வினா வேறில்லை. "விடுவது என்றால் அப்புறம் என்ன ஆச்சு என்று தெரியாமல் இருப்பது, அம்மா. நாம் கொடுத்திருக்கிறோம்; எங்கே, யாரிடம் என்று நமக்குத் தெரியும்" என்றேன். அவள் சமாதானமடைந்ததாகத் தோன்றவில்லை. துக்கத்தை அகராதி தீர்த்துவிடுமா?

முதல் சில வாரங்கள் போய்ப் பார்க்க வேண்டாமென்று குழுவினர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை, பத்தாம் நாள் வாலாட்டியது என்று செய்தி மட்டும் வந்தது. இப்போது அந்த வீட்டுப் பாட்டியின் கட்டிலுக்கடியில்தான் தூக்கமாம். இடி இடித்தால் வைக்கோற்போர்.

மாற்றல் உத்தரவோ, முதுமையோ, நோயோ எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். வந்த அன்றே தேடத் தொடங்குங்கள். கடைசி வாரம்தான் ஆற்றங்கரையை நினைவூட்டுகிறது. நாய் வளர்க்க ஆசைப்படும் நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கடைக்குப் போகுமுன் உங்கள் ஊர்க் குழுவினரை ஒரு வார்த்தை கேளுங்கள். வளர்ந்த நாட்டு நாய் ஒன்று அங்கே யாருக்காகவோ காத்திருக்கும்.