இரண்டும் ஒருசேர அணைந்தால்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளுக்கு இரவே பகல். வழியில் முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்துவிட்டால், ஓட்டுநர் பல்புகளையே ஐயுறுவார். கைதேர்ந்த மெக்கானிக்கோ அவற்றைத் தொடுவதில்லை. இரு பல்புகள் ஒரே நொடியில் கருகுவது அரிது. இரண்டுக்கும் பொதுவான இடத்தையே அவர் தேடுவார்.

உருகி, ரிலே, சுவிட்சு மூன்றும் பழுதின்றி இருப்பின், அவர் பார்வை எர்த் கம்பியின்மீது விழும். மின்னோட்டம் பல்புக்குச் சென்றால் மட்டும் போதாது. பேட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். வண்டியின் இரும்புடலே அத்திரும்பு வழி. அக்கம்பியை உடலோடு பிணைக்கும் திருகாணியில் துரு ஏறினால், 12 வோல்ட்டில் பெரும்பகுதி அத்துருவிலேயே வீணாகும். விளக்கு முதலில் மங்கும், பின்னர் அணையும். உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினால் தீர்ந்தது. செலவு ஏதுமில்லை, கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

உருகி எரிந்திருப்பின் கதை வேறு. 60 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும், இரண்டுக்கும் 10. அதனினும் மிகுதியாகப் பாய்ந்ததாலேயே உருகி தன்னை அழித்துக்கொண்டது. புதிய உருகியும் உடனே எரிந்தால், எங்கோ ஒரு கம்பி உறை தேய்ந்து இரும்பில் உரசுகிறது என்பது பொருள். "செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுங்கள் அண்ணே, விடிவதற்குள் சந்தைக்குப் போகவேண்டும்" என்று ஓட்டுநர் மன்றாடுவார். செம்பு எளிதில் உருகாது. அதற்குப் பதில் கம்பியின் உறை தீப்பற்றும். அவ்வேண்டுகோளுக்கு மட்டும் மெக்கானிக் இசைவதில்லை. தக்காளி விலை இறங்கினாலும் சரி, உரசும் கம்பி அகப்படும்வரை வண்டி அங்கேயே நிற்கும்.