மூலையில் நின்றவர்

குத்துச்சண்டை மேடையில் மோதுகின்ற இருவரையும் உலகம் அறியும். மேடையின் மூலையில் வாளியும் பஞ்சும் துவாலையுமாகக் காத்து நிற்பவரை அறிந்தோர் சிலரே. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே அவருக்குக் கிடைப்பது ஒரே நிமிடம். அதற்குள் வழியும் இரத்தத்தை நிறுத்த வேண்டும். மூச்சைச் சீராக்க வேண்டும். கண்ட பிழையை எடுத்துச் சொல்ல வேண்டும். ஓய்விலிருந்து திரும்பி வந்த மூத்த வீரராயின், இவை யாவற்றினும் கடினமான மற்றொரு கடமையும் வந்து சேர்கிறது. அது 'போதும்' என்று சொல்லும் கடமை.

பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி அக்கடமையின் பாரத்தை அறிந்தவர். 1921ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்த அவர், மயாமி கடற்கரையிலிருந்த ஐந்தாம் தெருப் பயிற்சிக்கூடத்தில் புகழ் பெற்றார். முகமது அலிக்கு அவர் கட்டளையிட்டுப் பயிற்றுவித்ததில்லை. அலி வீசாத ஒரு குத்தை வீசியதாகவே பாராட்டுவார்; பின்னர் அலி அதனை உண்மையாகவே வீசுவார்! மாணவனின் தன்மானத்தைத் தொடாமல் பாடத்தை ஊட்டும் இவ்வழியின் அருமையை ஆசிரியப் பெருமக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1975ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் பொருது வென்றாரே, அதே அலி, ஓய்வு பெற்றபின் 1980இல் மீண்டும் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 38. எதிர்த்து நின்றவர் லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் துணைவராக இருந்தவர். அலியின் உடல் மெலிந்து, பார்வைக்கு இளமை திரும்பியது போல் தோன்றியது. அந்த மெலிவில் தைராய்டு மருந்துக்கும் பங்கு உண்டு என்பதும், அது வலிமையை உறிஞ்சிவிட்டது என்பதும் பின்னரே வெளிப்பட்டன. அக்டோபர் 2ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் சுற்றுக்குச் சுற்று அலி அடி வாங்கினார். திருப்பியடிக்கக் கை எழவில்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் டண்டி போட்டியை நிறுத்தச் சொன்னார். இன்னும் ஒரு சுற்று வேண்டுமென்று அலியின் உதவியாளர் ஒருவர் மன்றாடினார். டண்டி இணங்கவில்லை. தலைமைப் பயிற்றுநர் என்ற உரிமையில் நடுவரிடம் தம் முடிவை உறுதியாகச் சொன்னார். அத்தகைய போட்டிக்கு அவர் துணை நின்றிருக்கவே கூடாது என்பாரும் உளர். அவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. ஆயினும் அன்று அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 73 வயதில், அவர் மற்றொரு முதிய வீரரின் மூலையில் நின்றார். அவர் ஜார்ஜ் ஃபோர்மன். 1974இல் கின்ஷாசா நகரில் எட்டாவது சுற்றில் அலியிடம் வீழ்ந்து பட்டத்தை இழந்தவர் அவரே. அன்று எதிர் மூலையில் நின்றவர் டண்டி! மேடைக் கயிறுகளை டண்டி தளர்த்திவிட்டார் என்ற குற்றச்சாட்டுகூட அப்போது எழுந்தது. அவர் அதனை மறுத்தார். 1977இல் ஓய்வு பெற்றுச் சமயப் போதகரான ஃபோர்மன், பத்தாண்டுகள் கழித்து 1987இல் மேடைக்குத் திரும்பினார். பழைய பகையை மறந்து டண்டியைத் தம் மூலைக்கு அழைத்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

1994 நவம்பர் 5ஆம் நாள், லாஸ் வேகாஸ். ஃபோர்மனுக்கு வயது 45. மிகு எடைப் பிரிவின் உலக வீரர் மைக்கேல் மூரருக்கோ 26. முதுமை முதலில் கவர்வது கால்களை, அடுத்து வேகத்தை. குத்தின் வன்மை மட்டும் கடைசி வரை தங்கும். ஆகவே இளையவரைத் துரத்துவதில் பயனில்லை. மூரர் இடக்கை வீரர். அத்தகையவருக்கு எதிராக நேரே பாயும் வலக்கைக் குத்தே தக்க படைக்கலம். இடக்கையால் தட்டித் தட்டி அவரை எதிரிலேயே நிற்க வைத்து, வலக்கைக்கு நேரம் வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுத்திருப்பதற்கு விலையும் உண்டு. ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது நடுவர் மூவரின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். 1980இன் இரவை மறவாத ஒருவர்க்கு அது எத்தகைய சோதனை! நிறுத்துவதா, விடுவதா? ஆனால் இம்முறை மூலைக்குத் திரும்பிய மனிதரின் கால்கள் நடுங்கவில்லை. கைகளில் வன்மை குன்றவில்லை.

பத்தாவது சுற்றில் அந்த வலக்கை மூரரின் தாடையில் இறங்கியது. அவர் மல்லாந்து விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தார். இருபதாண்டுகளுக்கு முன் கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் காற்சட்டையுடன் ஃபோர்மன் மூலையில் மண்டியிட்டு வணங்கினார்.

டண்டி 2012 பிப்ரவரி முதல் நாள், 90ஆம் வயதில் மறைந்தார். இறுதி மரியாதை செலுத்த வந்தவர்களுள் நோயால் தளர்ந்த முகமது அலியும் ஒருவர்.