வரப்பை எடுத்தால் வயல் போகுமா?



எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்பவர். வட்டிக்குப் பணம் வாங்கி எனக்கு ஒரு பழைய லேப்டாப் எடுத்துக் கொடுத்தார். ஹார்டு டிஸ்க் 500 ஜி.பி. விண்டோஸ் கணக்கில் அது 465. கடைக்காரர் அதைச் சரிபாதியாக சி, டி என்று பிரித்திருந்தார். டி-யில் என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும், இறந்துபோன அப்பாயியின் போட்டோக்களும் இருந்தன. வேறு காப்பி கிடையாது.

சி நிரம்பி, லேப்டாப் நத்தையாய் ஊர்ந்தது. புதுசா ஓ.எஸ். போட்டா சரியாயிடும் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். இன்ஸ்டாலேஷன் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வரவில்லை. பார்ட்டிஷன் எண்ணும் அளவும்தான் தெரிந்தன. பெரிய பகுதிகள் இரண்டுமே ஏறத்தாழ 232 ஜி.பி. அவசரத்தில் ஒன்றுக்கு டெலீட் கொடுத்தேன். பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். அதில் காலி இடம் வெறும் 2 ஜி.பி. நிரம்பிக் கிடந்தது சி அல்லவா? அப்படியானால் நான் அழித்தது...!

அழுகை வந்துவிட்டது. அப்பா எழுந்து வந்தார். "டிஸ்க்கைப் பிரிச்ச கோட்டை அழிச்சுட்டேன்பா. அப்பாயி போட்டோ எல்லாம் போச்சு" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வரப்பை எடுத்துட்டா வயலு போயிடுமாப்பா? வெவரம் தெரிஞ்சவங்களக் கேளு" என்றார்.

மறுநாள் சீனியர் அண்ணனும் அதையேதான் சொன்னார். "பார்ட்டிஷன் டேபிள்ல பதிவு மட்டும்தான் போயிருக்கு தம்பி. டேட்டா அங்கேயே இருக்கும். அது மேல எதையும் எழுதிடாதே." பென்டிரைவில் லினக்ஸ் பூட் செய்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். தொலைந்த பகுதி திரையில் வந்தது. முதல் வேலையாக ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்தார். போட்டோவில் அப்பாயி சிரித்தாள்.

நண்பர்களே, வரப்பு போன வயலில் நான் புது நடவு போட்டிருந்தால், அதாவது அங்கேயே ஓ.எஸ். ஏற்றியிருந்தால், பழைய பயிர் கிடைத்திருக்காது. எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் மீட்பதே சந்தேகம்தான். ஆகவே ஓ.எஸ். போடும் முன் காப்பி எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வையுங்கள். அந்தப் பெயர் இன்ஸ்டாலேஷன் திரையிலும் தெரியும். அளவையும் காலி இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் டி டிரைவுக்கு இப்போது 'அப்பாயி' என்று பெயர். இனி அதன்மேல் டெலீட் அழுத்த எனக்குக் கை வருமா என்ன?