முள்ளுப் பேனாவும் கட்டுமரமும்

கோடு பழகுகிறவனுக்குக் கடியப்பட்டணத்தைவிட நல்ல ஊர் வாய்க்காது. வடக்கே திரும்பினால் வேளிமலை, ஏறி இறங்கும் ஒரே கோடு. தெற்கே கடல். மேட்டின்மேல் முட்டம் கலங்கரை விளக்கம். ஊரின் பெயரில் இல்லாவிட்டாலும் அது எங்கள் விளக்குதான்.

1980களில் எங்கள் கையில் இருந்தது மை ஊற்றி எழுதும் பேனாவும் பிரில் இங்க் குப்பியும். பென்சிலில் வரைந்து அழிக்கலாம். பேனாவில் போட்ட கோடு போட்டதுதான். அதனாலேயே பேனா பிடித்திருந்தது. உப்புக்காற்றில் நோட்டுத்தாள் எப்போதும் சற்று நமத்திருக்கும். முள் ஒரே இடத்தில் நின்றால் மை வேர்விட்டுப் பரவும். நிற்காமல் இழுக்கக் கற்றது இப்படித்தான்.

பார்த்துப் பழகப் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனந்த விகடனில் முன்னொரு காலத்தில் வந்த சில்பியின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பக்கங்களை உறவுக்கார மாமா ஒருவர் தைத்து வைத்திருந்தார். கல்லின் உருட்சியை வெறும் மெல்லிய கோடுகளால் கொண்டுவந்துவிடுவார் சில்பி. அப்புறம் ஜூனியர் விகடனில் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’, அதற்கு ஆதிமூலத்தின் படங்கள். கை நடுங்கிப் போட்டது போலத் தோன்றும், அறுந்து அறுந்து ஓடும் கோடுகள். இது எளிது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு மயக்கம். காந்தி நூற்றாண்டான 1969இலேயே காந்தியை விதவிதமாக வரைந்து தீர்த்த கை அது. கோட்டை முறிக்கும் உரிமை அந்தக் கைக்கு உண்டு. புதிதாகப் பழகுகிறவன் முதலில் போக வேண்டியது சில்பியிடம். இன்றைக்கும் நான் சொல்வது அதுதான்.

ஆனால் எனக்கு உண்மையான வாத்தியார் கட்டுமரம். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார்கள். ஆளைவிட நீளமான தடி. நுனியில் மெல்ல மேலெழும் வளைவு. அதை மணிக்கட்டால் வரைய முடியாது. துண்டு துண்டாகக் கோட்டை ஒட்டினால் மயிர் முளைத்த கயிறு மாதிரி ஆகிவிடும். தோளிலிருந்து கை அசைய வேண்டும். முள் தாளைத் தொடாமல், அந்தரத்தில் இரண்டொரு முறை அதே வளைவை வீசிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கோடு முடியும் இடத்தில் வைத்து, ஒரே இழுப்பு. நிழல் போடுவதையும் அங்கேதான் கற்றேன். தடியின் நீளவாக்கில் கோடு போட்டால் பலகையாகத் தட்டையாகிவிடும். குறுக்கே, உருட்சியோடு வளைந்து போகும் சிறு கோடுகள் போட்டால்தான் அது தடி.

தாள் தீர்ந்த நாளில் மணலே நோட்டு. மணவாளக்குறிச்சி வரை நீளும் கருமணல் கரை இது. அலை பின்வாங்கும்போது வெள்ளை மணல் நீரோடு போக, கனமான கருமணல் தங்கிப் படியும், வரிவரியாக. அந்த வரிகளைப் பார்த்து வரைவேன். இரண்டு கோடு ஒன்றுபோல இருக்காது.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் கோடுதான் வழி. கடலடியில் மீன் அடையும் பார் எங்கே என்று எங்கள் பாட்டா கரையைப் பார்த்துச் சொல்வார். ஒரு கோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலைமுகடும் நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் விளக்கும் வேறொரு குறியும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தூண்டில். தாளில் ஒரு புள்ளி வைக்காத மனிதர் அவர்.

அவர் ஏறிய மரத்துக்கும் வரைபடம் கிடையாது, ஆசாரியின் கண்தான். 1980களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலேயின் முயற்சியில் ப்ளைவுட் வள்ளங்கள் கட்டத் தொடங்கினார்கள். அதற்குத் தாளில் அளவு போட்டு வரைந்த படம் இருந்தது. அந்தச் சுத்தமான கோடுகளைப் பார்த்து நான் வாய்பிளந்து நின்றதுண்டு. பிறகு ஃபைபர் வந்தது, எஞ்சின் வந்தது, ஜிபிஎஸ் வந்தது. மணல் அரித்த இடங்களில் கல் கொட்டினார்கள். கடலுக்குள் கல்லை நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு வந்தது. தடிகள் உலர்ந்த கரையில் இன்று உட்கார்ந்து வரைய இடமில்லை; அந்தக் கற்களை வரைய எனக்கு மனமும் இல்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது பழைய நோட்டைக் கொண்டுபோனேன். வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்கள் வாங்கிப் புரட்டினார்கள். ஒருவர் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினார்.

“இந்தக் கட்டு பாத்தியாலே? இது எனக்க அப்பனுக்க மரம்லா.”

“ஒனக்க அப்பனுக்கது அஞ்சு தடி. இது நாலு.”

பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்த படம். தடியை எண்ண அதில் வழியே இல்லை. நான் அதைச் சொல்வதற்குள், அந்த மரம் கடைசியில் யார் வீட்டு அடுப்புக்கு விறகாகப் போனது என்ற வழக்குக்கு இருவரும் போய்விட்டார்கள்.